15 டன் குளிர் உள்ளே வரும்போது: பெரிய வண்டிக் கொட்டகையும் விறகு பாய்லரும்

வெளியே மைனஸ் 25 டிகிரி. நாள் முழுக்க ஓடிய லாரி மாலையில் கொட்டகைக்குள் வந்து நிற்கிறது. சூடாக இருப்பது எஞ்சின் மட்டும்தான். சட்டம், அச்சு, சக்கரம், பெட்டி எல்லாம் வெளிக்காற்றின் குளிரில் ஊறிப்போயிருக்கின்றன. மட்கார்டுக்குள்ளும் அச்சுக்கு மேலும் உப்பும் மணலும் கலந்த பனி கல்லாக இறுகி ஒட்டியிருக்கிறது. அது 200 கிலோ, வண்டி 15 டன் என்று வைத்துக்கொள்வோம். கொட்டகைக்குள் பிளஸ் 10 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டைக் கொடுக்க வேண்டியது விறகை எரித்து வெந்நீரை ஓடவிடும் பாய்லர்.

ஒரு கிலோ இரும்பை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 0.48 கிலோஜூல் தேவை. 15,000 கிலோவை 35 டிகிரி ஏற்ற 2,52,000 கிலோஜூல். நமக்குப் பழகிய கணக்கில் 70 யூனிட். ஒரு கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்ற அதே யூனிட்தான். 200 கிலோ பனிக்கட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர 3, உருக்க 18.5, உருகிய தண்ணீரை 10 டிகிரிக்கு ஏற்ற இன்னும் 2.5 யூனிட் என்று 24 யூனிட் போகிறது. ஆக ஒரு வண்டிக்கு 94 யூனிட். மூன்று வண்டி வந்தால் 280க்கு மேல்.

இப்போது கட்டடத்தைப் பார்ப்போம். 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம், 18 சதுர மீட்டரில் மூன்று கதவுகள். சுவரில் 100 மி.மீ. கனிமக் கம்பளிக் காப்பு (சூடு வெளியேறாமல் தடுக்கும் பஞ்சு போன்ற அடுக்கு), கூரையில் 150 மி.மீ. இதே 35 டிகிரி வித்தியாசத்தில் சுவர் வழியே 3.4 கிலோவாட், கூரை வழியே 2.2, கதவுப் பலகைகள் வழியே 2.8, தரையின் ஓரங்கள் வழியே சுமார் 2 கிலோவாட் வெளியேறும். இடுக்குகளில் புகும் காற்று மணிக்குக் கொட்டகையின் பாதிக் கொள்ளளவு என்றால் அதற்கு மட்டும் 7. மொத்தம் 17.5 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு.

மூன்று வண்டிகளின் 280 யூனிட்டை இரவு பத்து மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்றால் அதற்கு 28 கிலோவாட். கட்டடம் கேட்பதைவிட வண்டி அதிகம் கேட்கிறது. இத்தனை கன மீட்டருக்கு இத்தனை கிலோவாட் என்று பட்டியலைப் பார்த்து பாய்லர் வாங்கியவர்கள் ஜனவரியில் தவிப்பதற்குக் காரணம் இதுதான். அந்தப் பட்டியல்கள் வீட்டை மனதில் வைத்துப் போட்டவை. வீட்டுக்குள் தினமும் மாலை 45 டன் உறைந்த இரும்பு நுழைவதில்லை.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்ப்பது நல்லது. கொட்டகையில் உள்ள 1,200 கன மீட்டர் காற்று முழுவதையும் வெளியே விட்டுவிட்டு, உள்ளே வந்த குளிர்ந்த காற்றை மறுபடி சூடாக்க 14 யூனிட் போதும். கதவைத் திறந்தால் எல்லாம் போய்விட்டது என்று பதறுகிறோம். ஆனால் ஒருமுறை திறந்து மூடுவதால் போவது வண்டி குடிக்கும் சூட்டில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கதவு அரை மணி நேரம் திறந்தே கிடந்தால் கதை வேறு. அப்போது சுவரும் தரையும் சேர்ந்து குளிர்ந்துவிடும்.

முதலில் எத்தனை டிகிரி வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

வண்டி நிறுத்த மட்டும் என்றால் பிளஸ் 5 போதும். டீசல் புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசலான ஆட்ப்ளூ மைனஸ் 11 டிகிரியில் உறையும், இங்கே இளகியிருக்கும். டீசலில் மெழுகு கட்டாது. பிரேக்குக்குப் போகும் காற்றுக் குழாயில் தண்ணீர் உறையாது. பேட்டரி தன் பலத்தை அதிகம் இழக்காது. தீயணைப்பு வண்டி, பனி தள்ளும் வண்டி போல எந்த நொடியிலும் கிளம்ப வேண்டியவைக்கு 8 முதல் 10. ஆள் படுத்து ஸ்பேனர் பிடிக்கும் இடத்துக்கு 12 முதல் 15. எல்லா இடத்தையும் 15க்குச் சூடாக்குவது விறகுக்கும் கேடு, வண்டிக்கும் கேடு. சாலை உப்பு ஊறிய ஈர இரும்பு, குளிரில் இருப்பதைவிடச் சூட்டில் வேகமாகத் துருப்பிடிக்கும். பழுது பார்க்கும் பகுதியை ஒரு தடுப்புச் சுவரோ கனமான பிளாஸ்டிக் திரையோ போட்டுப் பிரித்துவிடுவது, பாய்லரின் அளவைக் கூட்டுவதைவிட எத்தனையோ மேல்.

உருகிய தண்ணீர்

இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. விறகு அடுக்கில் பெரிய ஓட்டை இதுதான்.

பனியை உருக்க ஆவது குறைவு. உருகிய தண்ணீரைத் தரையிலேயே விட்டு ஆவியாக்குவதுதான் விறகைத் தின்கிறது. 100 லிட்டர் தண்ணீர் ஆவியாக 69 யூனிட் வேண்டும். அந்த ஈரம் சுவரிலும் கூரைத் தகட்டிலும் வேர்த்து வழியாமல் இருக்க அதைக் காற்றோடு வெளியேற்ற வேண்டும். மைனஸ் 25 டிகிரிக் காற்றில் ஈரம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அதை 10 டிகிரிக்குச் சூடாக்கினால் கிலோவுக்கு 5 கிராம் அளவு ஈரத்தைச் சுமந்து போகும். 100 லிட்டருக்கு 20 டன் காற்று! அந்தக் காற்றைச் சூடாக்க 195 யூனிட். இரண்டையும் கூட்டினால் 264 யூனிட், அதாவது 78 கிலோ காய்ந்த விறகு. மேலே சொன்ன இடுக்குக் காற்றே ஒரு நாளில் 90 லிட்டர் வரை சுமந்து போய்விடும். அதன் செலவைக் கட்டடக் கணக்கில் ஏற்கெனவே சேர்த்துவிட்டோம். ஆனால் மூன்று வண்டியிலிருந்து 600 லிட்டர் உருகுமே!

எனவே வண்டி உள்ளே வரும்முன் வாசலிலேயே ஒரு சம்மட்டிக் கட்டையாலும் விறைப்பான துடைப்பத்தாலும் அடித்து உதிர்த்தால் உதிர்ந்தவரை லாபம். உள்ளே தரை மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவாக, வண்டிக்கு நேர் அடியில் ஓடும் நீளக் கால்வாயை நோக்கி இருக்க வேண்டும். கால்வாய்க்குப் பின் மணல் தொட்டி, அதற்குப் பின் எண்ணெய் பிரிப்பான். மணல் தொட்டி சிறிதாக இருந்தால் குளிர்காலத்தின் நடுவிலேயே நிரம்பிக் கால்வாய் அடைத்துக்கொள்ளும். வண்டி வந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் ரப்பர் பட்டை வைத்த தள்ளுகோலால் ஒருவர் தரையைத் தள்ளிவிட்டால், இரவு பாய்லருக்கு ஒரு முழு அடுக்கு விறகு, அதாவது விறகுப் பெட்டியை ஒருமுறை நிரப்பும் விறகு, மிச்சம்.

சூட்டைத் தரையில் போடுங்கள்

கனரக வண்டிக் கொட்டகைக்குத் தரைச்சூடுதான் அடிப்படை. வெந்நீர்க் குழாய் பதித்த கான்கிரீட் தளம் வண்டியின் அடிப்பாகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பனி ஒட்டியிருப்பதும் அங்கேதான். தரை 20 டிகிரி, காற்று 10 டிகிரி என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட் கிடைக்கும். 240 சதுர மீட்டருக்கு 24 கிலோவாட். அதைவிட முக்கியமானது தளத்தின் எடை. 20 செ.மீ. தடிமனில் இந்தத் தளம் 115 டன். ஒரு டிகிரி இறங்கினால் அது 28 யூனிட் கொடுக்கும். உறைந்த லாரி வந்து நிற்கும்போது முதலில் கடன் கொடுப்பது பாய்லர் இல்லை, தளம்தான்.

அடுக்குகள் கீழிருந்து இப்படி: இறுக்கிய சரளை, அதன் மேல் சுமை தாங்கும் எக்ஸ்.பி.எஸ். (இறுகிய பாலிஸ்டைரீன் நுரை) காப்புப் பலகை 100 மி.மீ., கனரக வண்டிக்கு 300க்குக் குறையாமல், முடிந்தால் 500 கிலோபாஸ்கல் தரம்; பிளாஸ்டிக் தாள்; கம்பி வலை; அதன் மேல் 20 மி.மீ. பெக்ஸ் (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய், 25 செ.மீ. இடைவெளியில். இந்தக் கொட்டகைக்கு 960 மீட்டர் குழாய் வேண்டும். ஒரு சுற்று 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதால் பத்துச் சுற்று. தாண்டினால் பம்ப் தள்ள முடியாமல் தூரத்துச் சுற்று குளிர்ந்தே கிடக்கும். தளத்தின் ஓரத்தில் நின்ற வாக்கில் காப்புப் பலகை கட்டாயம். குறிப்பாகக் கதவு வாசலில் உள் தளமும் வெளித் தளமும் ஒரே கான்கிரீட்டாக ஓடினால், நீங்கள் சூடாக்குவது முற்றத்தைத்தான்.

குழாய் ஆக்சிஜன் புகாத பூச்சுள்ளதாக இருக்க வேண்டும். பூச்சில்லாத சாதாரண பிளாஸ்டிக் குழாய் வழியே காற்றின் ஆக்சிஜன் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். அது குழாயைத் தொடாது. அதே தண்ணீர் சுற்றும் இரும்புப் பாகங்களை அரித்து, கறுப்புச் சேறாக்கி, பம்பில் கொண்டுபோய்ச் சேர்க்கும். சில வருடம் கழித்துத்தான் தெரியும். தெரியும்போது குழாய் கான்கிரீட்டுக்குள் இருக்கும்.

கான்கிரீட் ஊற்றும்போது குழாயில் 4 முதல் 6 பார் அழுத்தம் ஏற்றி, மீட்டரைப் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது மண்வெட்டியால் குத்தினால் முள் இறங்குவது அப்போதே தெரிய வேண்டும். ஊற்றுவதற்கு முந்தைய நாள், அளவுநாடாவைத் தரையில் விரித்து வைத்துக் குழாய்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு என்றோ ஒருநாள் வண்டி தூக்கும் மேடையைப் பொருத்த ஒருவர் துரப்பணம் எடுத்து வருவார். மேடை வரப்போகும் இடத்தில் இரண்டு மீட்டர் சதுரத்துக்குக் குழாயே போடாமல் விடுவது இன்னும் நல்லது. கான்கிரீட் ஊற்றி 28 நாள் ஆகும்முன் சூடு ஏற்றக் கூடாது. ஏற்றும்போதும் நாளுக்கு ஓரிரு டிகிரியாகத்தான்.

தரைச் சுற்றில் வெறும் தண்ணீர் விடாதீர்கள். கதவு திறந்து கிடந்த ஒரு இரவு, மின்சாரம் போன ஒரு இரவு போதும், வாசலருகே குழாய் உறைய. பாதிக்குப் பாதி புரோபிலீன் கிளைக்கால் கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 33 வரை உறையாது. தரைச் சுற்றின் கொள்ளளவு 200 லிட்டருக்குள்தான், ஆகவே 100 லிட்டர் கிளைக்கால் போதும். நடுவில், இரண்டு பக்கத் தண்ணீரும் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் ஒரு தட்டு வெப்பமாற்றியை வைத்து, பாய்லர் பக்கத் தண்ணீரைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான லிட்டருக்குக் கிளைக்கால் வாங்க வேண்டியிருக்கும்.

தளத்துக்கு ஒரு குறை, அது சோம்பேறி. கதவு மூடிய பின் காற்று சட்டென்று ஏற வேண்டுமானால் வெந்நீர் விசிறி ஹீட்டர் வேண்டும், இந்த அளவுக்கு 10 கிலோவாட்டில் இரண்டு. அவற்றைக் கதவின் ஸ்விட்சோடு இணைத்து, கதவு திறந்தால் விசிறி நிற்கும்படி செய்ய வேண்டும். ஆனால் தண்ணீர் ஓட்டம் நிற்கக் கூடாது. விசிறி நின்று, வால்வும் மூடிக்கொண்டு, மைனஸ் 25 காற்று நேரே முகத்தில் அடித்தால் செம்புச் சுருள் சில நிமிடத்தில் உறைந்து பிளந்துவிடும். பிளந்தது அப்போது தெரியாது. பனி இளகிய பிறகு கூரையிலிருந்து வெந்நீர் கொட்டும்போதுதான் தெரியும். இதற்கென்றே உறைபனித் தெர்மோஸ்டாட் உண்டு. சுருள் 5 டிகிரிக்கு இறங்கினால் வால்வை முழுதாகத் திறந்துவிடும்.

பாய்லரும் தொட்டியும்

கட்டடத்துக்கு ஒரு நாளைக்கு 418 யூனிட், வண்டிகளுக்கு 282. கடும் குளிர்நாளின் மொத்தத் தேவை 700 யூனிட். 20 சதவீத ஈரமுள்ள விறகு கிலோவுக்கு 4 யூனிட் கொடுக்கும். கீழ்நோக்கி எரியும் வாயுவாக்க பாய்லர் (விறகிலிருந்து கிளம்பும் வாயுவை நடுத்துளை வழியே கீழறைக்கு இழுத்து எரிப்பது) அதில் 85 சதவீதத்தைத் தண்ணீருக்குக் கொடுத்தால் நாளுக்கு 206 கிலோ விறகு. 200 லிட்டர் விறகுப் பெட்டியில் 60 கிலோ கொள்ளும். ஒரு அடுக்குக்கு 204 யூனிட். 80 கிலோவாட் பாய்லரில் அது இரண்டரை மணி நேரம் எரியும். கடும் குளிர்நாளில் மூன்று அல்லது நான்கு அடுக்கு.

விறகு பாய்லரின் சுபாவம் இதுதான்: எரிந்தால் முழுதாக எரிய வேண்டும். காற்றைக் குறைத்து மூச்சு முட்ட வைத்தால் வாயு முழுதாக எரியாமல் தாராகிச் சுவரிலும் புகைபோக்கியிலும் படியும். கொட்டகையோ ஒரு மணி நேரம் 45 கிலோவாட் கேட்கும், அடுத்த மணி 15 கேட்கும். இந்த இருவருக்கும் நடுவே சமாதானம் செய்துவைப்பது சேமிப்புத் தொட்டி. பாய்லர் விலையைக் கேட்டுவிட்டுத் தொட்டியில் சிக்கனம் பிடிப்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு.

1,000 லிட்டர் தண்ணீர் 85 டிகிரியிலிருந்து 55க்கு இறங்கினால் 35 யூனிட் கொடுக்கும். 35 டிகிரி வரை இறங்க விட்டால் 58. விசிறி ஹீட்டர் மட்டும் உள்ள கொட்டகையில் 55க்குக் கீழே போன தண்ணீர் அவ்வளவாக உதவாது. தரைச்சூடு இருந்தால் 35 வரை பிழிந்தெடுக்கலாம். அதே தொட்டி ஒன்றரை மடங்குக்கு மேல் வேலை செய்கிறது. தரைக்குச் செலவழிக்க இது இன்னொரு காரணம்.

5,000 லிட்டர் தொட்டியில் 290 யூனிட் நிற்கும். இரவு 10 முதல் காலை 6 வரை 45 கிலோவாட் வீதம் 360 யூனிட் போகும். குறையும் 70ஐத் தளம் இரண்டரை டிகிரி இறங்கிக் கொடுத்துவிடும். 10 மணிக்குத் தொட்டி நிரம்பியிருந்தால் விடியும் வரை யாரும் எழுந்து விறகு போட வேண்டாம். ஜெர்மனியில் விறகு பாய்லர்களுக்கான விதி, விறகுப் பெட்டியின் ஒவ்வொரு லிட்டருக்கும் 12 லிட்டர், எப்படியானாலும் கிலோவாட்டுக்கு 55 லிட்டருக்குக் குறையாமல் தொட்டி வேண்டும் என்கிறது. நம் 80 கிலோவாட்டுக்கு அது 4,400 லிட்டர்.

தொட்டி உயரமாக, ஒல்லியாக இருக்கட்டும். சூடு மேலே, குளிர்ச்சி கீழே என்று தண்ணீர் அடுக்காக நிற்க வேண்டும். குழாய் வேகமாக உள்ளே பீய்ச்சினால் எல்லாம் கலந்து வெதுவெதுப்பாகிவிடும். 50 டிகிரியில் கலங்கிய 5,000 லிட்டர் விசிறி ஹீட்டருக்கு உதவாது. விசிறி ஹீட்டருக்குத் தொட்டியின் மேற்பகுதியிலிருந்து எடுங்கள், அதன் திரும்பும் தண்ணீரை நடுவில் விடுங்கள், தரைக்கு நடுவிலிருந்து எடுத்து அடியில் விடுங்கள். மேல், நடு, அடி மூன்றிலும் வெப்பமானி வேண்டும். நடு 70ஐத் தொட்டுவிட்டால் புதிதாக ஒரு அடுக்கு விறகுக்கு இடம் இல்லை என்று பொருள்.

பாய்லருக்குத் திரும்பும் தண்ணீர் 60 டிகிரிக்குக் குறையக் கூடாது. குளிர்ந்த தொட்டியின் 30 டிகிரித் தண்ணீர் நேரே பாய்லருக்குள் போனால், புகையில் உள்ள நீராவி உள்சுவரில் வேர்த்து அமிலமாகித் தகட்டைத் தின்னும். இதற்கு ஒரு ஏற்று வால்வு உண்டு: பம்ப், தெர்மோஸ்டாட், மூன்று வழி எல்லாம் ஒரே உடலில். பாய்லர் சூடாகும் வரை தண்ணீரை அதற்குள்ளேயே சுற்றவிட்டு, பிறகுதான் தொட்டிக்கு வழி திறக்கும். 80 கிலோவாட்டை 20 டிகிரி வித்தியாசத்தில் கொண்டுபோக மணிக்கு 3.4 கன மீட்டர் ஓட வேண்டும், 40 மி.மீ. உள்விட்டக் குழாய் அதற்குச் சரி. 25ஐப் போட்டுவிட்டு பாய்லர் கொதிக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு.

கொதித்தால் என்ன ஆகும்

விறகுக்கு ஸ்விட்ச் கிடையாது. மின்சாரம் போய் பம்ப் நின்றாலும் 40 கிலோ தணல் உள்ளே இருக்கிறது. அதனால் மூன்று பாதுகாப்பு, ஒன்று போனால் ஒன்று. முதலாவது பாதுகாப்பு வால்வு, 2.5 அல்லது 3 பாரில் திறப்பது. பாய்லருக்கும் இதற்கும் நடுவே எந்த அடைப்பு வால்வும் இருக்கவே கூடாது. இரண்டாவது, பாய்லருக்குள் இருக்கும் குளிர்விப்புச் சுருள். 95 டிகிரியைத் தொட்டதும் மின்சாரம் இல்லாமலே வால்வு திறந்து குழாய்த் தண்ணீர் ஓடிச் சூட்டை வடிகாலுக்குக் கொண்டுபோகும். கிணற்று மோட்டாரை நம்பிய இடத்தில் மின்சாரத்தோடு அந்தத் தண்ணீரும் நின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம். அங்கே உயரத்தில் உறையாத ஒரு தொட்டி வேண்டும். மூன்றாவது, ஏற்றுப் பம்புக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும். 5,000 லிட்டரில் பாதி காலியாக இருந்தால், அந்தச் சிறிய பம்ப் ஓடினாலே பிரச்சினை தீர்ந்தது.

10லிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது தண்ணீர் 3.6 சதவீதம் பெருகும். 5,500 லிட்டரில் அது 200 லிட்டர். மூடிய விரிவுத் தொட்டி என்றால், அழுத்தக் கணக்குப்படி 500 லிட்டர் அளவில் வேண்டும். திறந்த விரிவுத் தொட்டியைக் குளிர்ந்த பரணில் வைக்கும் பழக்கம் ஆபத்தானது. அதற்குப் போகும் குழாய் உறைந்துவிட்டால் பாய்லர் அடைத்த பானையாகிவிடும். பரணில்தான் வைக்க வேண்டும் என்றால் வெந்நீர் சுற்றிவரும்படி இரட்டைக் குழாய் விட்டு, தொட்டியையும் குழாயையும் நன்றாகப் போர்த்திவிடுங்கள்.

வண்டி நிற்கும் இடத்தில் பாய்லர் இருக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். பாய்லருக்குத் தீத்தடுப்புச் சுவரோடு தனி அறை வேண்டும், அதன் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், எரிவதற்கான காற்று வெளியிலிருந்து நேராக வர வேண்டும். கொட்டகைக்கும் பாய்லர் அறைக்கும் நடுவே சிறு கதவு வைத்துவிட்டால், கொட்டகையின் புகை உறிஞ்சும் விசிறி ஓடும்போது பாய்லரின் புகையைத் திருப்பி உள்ளே இழுத்துவிடும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. இரண்டு இடத்திலும் அதற்கான அலாரம் வையுங்கள்.

தனிக் கட்டடத்தில் பாய்லர் இருந்தால் மண்ணுக்கடியில் குழாய் ஓடும். தொழிற்சாலையிலேயே காப்போடு வார்த்த இரட்டைக் குழாயை வாங்குங்கள். சாதாரண நுரையைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்த குழாயில் ஒருநாள் தண்ணீர் புகுந்துவிடும். நனைந்த நுரை காப்பே இல்லை. வெளியே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்: முற்றமெல்லாம் அரை மீட்டர் பனி, பாய்லர் அறையிலிருந்து கொட்டகை வரை மட்டும் பனி உருகி, ஈரமான கறுப்பு மண் ஒரு கோடாகக் கிடக்கும். எரித்த விறகு போன வழி அது.

விறகும் நெருப்பும்

பாதிக்குப் பாதி ஈரமுள்ள பச்சை விறகு கிலோவுக்கு 2.2 யூனிட்தான் கொடுக்கும். அதோடு பாய்லரின் திறனும் சரியும். 60 சதவீதம் கிடைத்தால் பெரிது. அப்படியானால் 700 யூனிட்டுக்கு 206 கிலோவுக்குப் பதில் 530 கிலோ. பெட்டி அதே அளவுதான், எனவே மாலையில் நிரப்பியது நள்ளிரவுக்கு முன்பே தீரும். வசந்தத்தில் பிளந்து, மேலே கூரையும் பக்கமெல்லாம் காற்றும் இருக்கும்படி அடுக்கி, ஒரு முழுக் கோடையாவது காய வேண்டும். தடிமன் 8 முதல் 15 செ.மீ., நீளம் பெட்டியைவிட 5 செ.மீ. குறைவு. ஈரமானியை விறகின் வெளிமுகத்தில் குத்திப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு கட்டையை அப்போதே பிளந்து உள்முகத்தில் பாருங்கள். உறைந்த கட்டையில் அது பொய் சொல்லும், குறைத்துக் காட்டும். ஒரு நாள் உள்ளே வைத்து இளகவிட்டுப் பிறகு அளவிடுங்கள். ஒரு நாளைக்கு வேண்டிய விறகை எப்போதும் பாய்லர் அறையில் வைத்திருப்பது நல்லது. உறைந்த கட்டையும் ஒட்டிய பனியும் நெருப்பு பிடிப்பதைத் தாமதப்படுத்தும்.

மூட்டும்போது, புகையை நேரே புகைபோக்கிக்கு விடும் நேர்வழி மடலைத் திறந்து, நடுத்துளையின் மேல் சுள்ளியும் மெல்லிய சிராயும் வைத்துப் பற்றவையுங்கள். ஒரு சாண் தணல் சேர்ந்த பிறகுதான் பெட்டியை நிரப்ப வேண்டும். கட்டைகள் நேராக, இடைவெளி குறைவாகப் படுக்கட்டும். வளைந்ததும் கிளை துருத்தியதும் சுவரில் மாட்டிக்கொண்டு பாலம் கட்டிவிடும். கீழே தணல் தீர்ந்து நடுத்துளை வெறுமனே காற்றை விழுங்க, மேலே 40 கிலோ விறகு தொங்கிக்கொண்டிருக்கும். புகை சூடு சட்டென்று விழுந்து, தொட்டி ஏறாமல் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எரிந்துகொண்டிருக்கும் பெட்டியைத் திறக்கும் முறை உயிர் சம்பந்தப்பட்டது. உள்ளே இருப்பது எரியாத வாயு. திடீரென்று காற்று புகுந்தால் குப்பென்று முகத்துக்கு வரும். மடலைத் திறங்கள், புகை உறிஞ்சும் விசிறியை ஓடவிடுங்கள், இருபது நொடி காத்திருங்கள். கதவை இரண்டு விரல் மட்டும் திறந்து நிறுத்தி, காற்று உள்ளே இழுபடுவதைப் பார்த்த பிறகு முழுதாகத் திறங்கள். முகம் ஒருபோதும் கதவுக்கு நேரே வேண்டாம். தணலாகும் வரை காத்திருந்து திறந்தால் இந்தத் தொல்லையே இல்லை; பெரிய தொட்டி இருப்பவர் காத்திருக்க முடியும்.

புகைபோக்கி முழுதும் காப்புள்ளதாக இருக்க வேண்டும். பாய்லரை விட்டு வெளியேறும் புகை 150 முதல் 220 டிகிரிக்குள் இருப்பது நல்லது. குறைந்தால் தாரும் ஈரமும் படியும். காப்பில்லாத குழாயின் உச்சியில் அந்த ஈரம் பனிக்கட்டியாகி வாயைக் குறுக்கும். தார் படிந்த புகைபோக்கியில் ஒருநாள் நெருப்பு ஏறிக்கொள்ளும். 220ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் குழாய்களில் புகைக்கரி படிந்துவிட்டது, தூரிகை போட வேண்டும் என்று பொருள். வாரம் ஒருமுறை புகையின் சூட்டைப் பார்த்து எண்ணைக் குறித்துவைத்தால் எப்போது தேய்க்க வேண்டும் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில்தான் எடுக்க வேண்டும். கட்டடத்துக்கு வெளியே, மரப் பலகை மேல் வைக்காமல். சாம்பலுக்குள் கங்கு நாட்கணக்கில் உயிரோடிருக்கும்.

வசந்தத்தில் கடைசி நெருப்பு அணைந்ததும் அன்றே பாய்லரைச் சுத்தம் செய்யுங்கள். சாம்பலும் கரியும் கோடை ஈரத்தை உறிஞ்சி, நெருப்பே இல்லாத மாதங்களில் தகட்டை அரிக்கும். குழாய்களைத் தூரிகையால் தேய்த்து, கீழறையைச் சுரண்டி, கதவுகளைக் கொஞ்சம் திறந்தே வைத்து, புகைபோக்கிக்கு மூடி போடுங்கள். தண்ணீரை வடிக்க வேண்டாம். வடித்தால் புது ஆக்சிஜனோடு புதுத் துருதான் வரும். கதவின் கயிற்று அடைப்பில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவிக்கொண்டு வந்தால் கயிற்றை இப்போதே மாற்றுங்கள். கிளைக்காலின் அடர்த்தியை ஒளிமுறிவுமானியால் பார்த்துக் குறித்துவிட்டு, அடுத்த குளிர்காலத்து விறகைப் பிளக்கத் தொடங்கலாம்.